விட்டுப்போன எண்கள்: தமிழ் காமிக்ஸ் சேகரிப்பின் வரலாறு

பழைய காமிக்ஸ் இதழ்களை முதல் எண்ணிலிருந்து வரிசை குலையாமல் தேடிச் சேர்க்கும் பழக்கம் தமிழ்நாட்டில் ஏறத்தாழ ஐம்பது ஆண்டு வயதுடையது. அதன் ஊற்றுக்கண் சிவகாசி. சங்கரன்கோவிலில் ரயிலேறி வடக்கே போனால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டி வரும் ஊர் அது. விருதுநகரையும் தென்காசியையும் இணைத்து 1927-ல் திறக்கப்பட்ட இந்த ரயில் பாதையின் ஓரத்து ஊர்கள் தீப்பெட்டி, பஞ்சு, நெசவு ஆகிய தொழில்களால் ஒன்றோடொன்று பிணைந்தவை. தமிழ்ச் சிறுவர்கள் இரண்டு தலைமுறையாகப் படித்த காமிக்ஸ் புத்தகங்களில் பெரும்பகுதி இந்தக் கரிசல் வட்டாரத்திலிருந்துதான் புறப்பட்டது.

அச்சு ஊர்

1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அதன்பின் சிவகாசியிலும் சுற்றியுள்ள சாத்தூர், கோவில்பட்டி, சங்கரன்கோவில் வட்டாரங்களிலும் தீப்பெட்டித் தொழில் பரவியது. பெட்டிக்கு வண்ண லேபிள் வேண்டியிருந்தது. லேபிள் அச்சடிக்க வந்த எந்திரங்களில் பட்டாசு உறைகளும், பின்னர் காலண்டர்களும் அச்சாயின. கோவில்பட்டி ஓவியர் கொண்டைய ராஜுவும் அவருடைய மாணவர்களும் தீட்டிய தெய்வப் படங்கள் சிவகாசிக் காலண்டர்களாக இந்தியா முழுவதும் போயின. காகித வியாபாரி, அச்சுக்கூடம், பைண்டிங் கூடம், லாரி புக்கிங் ஆபீஸ் எல்லாம் ஒரே ஊரில் கூடியிருந்தன. படக்கதைப் புத்தகம் போட நினைப்பவருக்கு இதைவிடத் தோதான ஊர் தமிழ்நாட்டில் இல்லை.

முத்து காமிக்ஸ்

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து எம். சௌந்தரபாண்டியன் முத்து காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழின் பெயர் ‘இரும்புக்கை மாயாவி’. அதன் நாயகன் 1962 அக்டோபரில் லண்டனில் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழின் முதல் எண்ணில் தோன்றியவன். ஆய்வுக்கூட உதவியாளன் லூயி கிராண்டெல் விபத்தில் வலது கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். உடலில் மின்சாரம் பாய்ந்தால் அவன் மறைந்துபோவான், எஃகுக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கதையை எழுதியவர் கென்னத் பல்மர். வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. இங்கிலாந்தில் பல பாத்திரங்களில் ஒன்றாக வந்துபோன இந்த நாயகன், தமிழில் ஒரு பதிப்பகத்தின் அடையாளமாகவே நிலைத்தான்.

லண்டன் ஃப்ளீட்வே நிறுவனம் 1967-ல் ‘சூப்பர் லைப்ரரி’ என்ற பெயரில் கையடக்கப் படக்கதைப் புத்தகங்களை வெளியிட்டது. பக்கத்துக்கு இரண்டு மூன்று கட்டங்களும், ஒரே புத்தகத்தில் முடியும் முழுக்கதையும் கொண்டவை அவை. முத்து காமிக்ஸின் வடிவத்துக்கு இவை நன்றாகப் பொருந்தின. இரும்புக்கை மாயாவியோடு ஜானி நீரோவும் லாரன்ஸ்–டேவிட் இணையும் இந்த வழியாகவே தமிழுக்கு வந்தனர். அமெரிக்க நாளிதழ்த் தொடர்களான வேதாளர், மாண்ட்ரேக், ரிப் கிர்பி, சிஸ்கோ கிட் ஆகியவையும் பின்னர் இதே இதழில் இடம்பெற்றன.

சேகரிப்புக்கு வித்திட்டது இந்த அமைப்புதான். ‘அம்புலிமாமா’ போன்ற மாத இதழில் பல கதைகள் கலந்து வரும். கல்கி, விகடன் தொடர்கதைகளை வாசகர்கள் வாராவாரம் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்தனர். அங்கே சேர்த்தது கதையை. முத்து காமிக்ஸிலோ ஒவ்வொரு இதழும் தனிக்கதை, தனித் தலைப்பு, தனி அட்டைப்படம். அதற்கென ஓர் எண்ணும் உண்டு. அடுத்து வருவது எது என்ற அறிவிப்பும் உள்ளேயே இருக்கும். ஏழாம் எண்ணும் ஒன்பதாம் எண்ணும் கையில் இருக்கும் சிறுவனுக்கு எட்டாம் எண் இல்லாதது தெளிவாகத் தெரியும். விட்டுப்போன எண்ணைத் தேடும் ஆவல் அங்கே பிறக்கிறது.

1984 ஜூலை

தமிழ் காமிக்ஸ் வரலாற்றில் 1984 ஜூலை முக்கியமான மாதம். சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பள்ளிப் படிப்பை முடித்த வயதில் சிவகாசியில் லயன் காமிக்ஸைத் தொடங்கினார். முதல் இதழ் ‘கத்தி முனையில் மாடஸ்டி’. பீட்டர் ஓ’டானல் 1963-ல் உருவாக்கிய மாடஸ்டி பிளைசி அதன் நாயகி. அடுத்தடுத்து இயந்திர மனிதன் ஆர்ச்சியும் ஸ்பைடரும் வந்தனர். குற்றவாளிகளின் சக்கரவர்த்தியாகத் தன்னை அறிவித்துக்கொண்ட ஸ்பைடர்தான் லயனுக்குப் பெருங்கூட்டத்தைச் சேர்த்தவன். இத்தாலியில் 1948-ல் பிறந்த டெக்ஸ் வில்லர் 1985-ல் லயனில் இறங்கி, இன்றுவரை தமிழ் வாசகரின் முதல் கௌபாயாக இருக்கிறார்.

அதே 1984 ஜூலையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸும் தொடங்கியது. ஜேம்ஸ் பாண்ட் கதையான ‘அழகியைத் தேடி’ அதன் முதல் எண். மாதம் இருமுறை, 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் தவறாமல் வந்தது. தந்தியின் விநியோக வலைப்பின்னல் வழியே சிறு கிராமத்துப் பெட்டிக்கடை வரை அது சென்று சேர்ந்தது. 2005-ல் நின்றபோது 500 எண்களைக் கண்டிருந்தது. தமிழில் தொடக்கமும் முடிவும் திட்டமாகத் தெரிந்த நீண்ட வரிசை இது. அதனால் ‘முழு செட்’ என்ற இலக்கோடு இறங்குபவர்கள் பலரும் ராணியையே முதலில் கணக்கில் எடுக்கிறார்கள்.

இதன்பின் சிவகாசியிலிருந்தே திகில், மினி லயன், ஜூனியர் லயன் என்று புதிய பெயர்கள் கிளைத்தன. ஒவ்வொன்றுக்கும் தனி எண் வரிசை. கோடை மலர், தீபாவளி மலர் எனக் கனத்த சிறப்பிதழ்களும் வந்தன. சேகரிப்பவரின் பட்டியல் நீண்டுகொண்டே போனது.

புத்தகங்கள் அருகிய காரணம்

ஆயிரக்கணக்கில் அச்சான இதழ்கள் கிடைக்காமல் போனதற்கு முதல் காரணம், அவை படிக்கப்பட்ட விதம். ஒரு பிரதி தெருவையே சுற்றி வந்தது. வாடகை நூலகங்களில் கைமாறிக் கைமாறி அட்டை கழன்றது. பரீட்சை நெருங்கியதும் வீட்டில் பறிமுதல் ஆனது. மீந்தவை பழைய பேப்பர் வியாபாரியின் தராசில் எடைக்குப் போய், மளிகைக் கடையில் பொட்டலமாயின.

இரண்டாவது காரணம் காகிதம். மலிவு விலைக்காகப் பயன்படுத்திய செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருக்கும். ஒளியும் காற்றும் பட்டால் அது பழுப்பேறி, அமிலம் ஊறி, மடித்த இடத்தில் நொறுங்கும். நடுவில் குத்திய இரும்புக் கம்பி துருப்பிடித்துச் சுற்றியுள்ள தாளையும் அரிக்கும். மழைக்காலத்து ஈரமும் கரையானும் ராமபாணப் பூச்சியும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

பாதுகாப்பதாக நினைத்துச் செய்ததே சில வேளை கேடாக முடிந்தது. பத்து இதழ்களைச் சேர்த்துப் பைண்டு செய்யும்போது அட்டைகளைக் கிழித்துவிட்டு, ஓரங்களைச் சமமாக வெட்டுவார்கள். கதை பிழைத்தது, அட்டைப்படமும் விலையும் எண்ணும் போயின.

அமெரிக்காவிலும் இதே கதைதான். இரண்டாம் உலகப் போரின்போது நடந்த பழைய காகிதத் திரட்டில் சிறுவர்கள் தங்கள் காமிக்ஸ் புத்தகங்களை மூட்டை மூட்டையாகக் கொடுத்தார்கள். 1930களின் இறுதியில் வந்த இதழ்கள் இன்று அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அங்கே 1970-ல் ராபர்ட் ஓவர்ஸ்ட்ரீட் பழைய இதழ்களுக்கு விலைக் கையேடு வெளியிட்டார். அதன்பின் சேகரிப்பு ஒரு சந்தையாக வளர்ந்தது. தமிழில் பழைய இதழின் விலையை விற்பவரின் மதிப்பும் வாங்குபவரின் தவிப்பும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன. பணத்தைவிடப் பண்டமாற்று இங்கே வலிது. தன்னிடம் இரண்டாக உள்ள எண்ணைக் கொடுத்துத் தன்னிடம் இல்லாததை வாங்குவதே பெருவழக்கு.

தேடும் முறை

சென்னையில் பழைய புத்தகத்துக்குத் தலைமையிடமாக இருந்தது மூர் மார்க்கெட். 1985-ல் அது தீக்கிரையானபோது வாசகர்களின் பெரிய தேட்டக்களம் ஒன்று அழிந்தது. சிற்றூர்களில் தேடல் வேறு வகை. பழைய பேப்பர் கடை, மூடப்போகும் வாடகை நூலகம், தெரிந்தவர் வீட்டுப் பரண் என்று வாய்வழித் தகவலே துணை.

கிடைத்த பிரதி எது என்று அறிவதிலும் நுட்பம் உண்டு. இதழ் எண், விலை, பதிப்பக முகவரி, உள்ளே உள்ள விளம்பரம் ஆகிய நான்கும் காலத்தைச் சொல்லும். அட்டை போயிருந்தாலும், அடுத்த வெளியீடு பற்றிய அறிவிப்பைக் கொண்டு எண்ணைக் கணக்கிடலாம். எனினும் அறிவிக்கப்பட்டதெல்லாம் வெளிவந்ததில்லை என்பதால், பட்டியல் போடுவோர் பிரதியைக் கண்ணால் கண்ட பிறகே அந்த எண்ணை உறுதி செய்கிறார்கள்.

பெயர்க் குழப்பம் மற்றொன்று. முத்துவில் ‘மாயாவி’ என்றால் இரும்புக்கைக்காரன். ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்பது, முத்துவில் வேதாளராக வந்த முகமூடி வீரர். பிரெஞ்சு மொழியின் ‘புளூபெர்ரி’ தமிழில் கேப்டன் டைகர். ஒரே கதை வெவ்வேறு பதிப்பகங்களில் வெவ்வேறு தலைப்பில் வந்ததும் உண்டு. தமிழ்த் தலைப்பையும் மூலத்தையும் இணைக்கும் பட்டியல்களை வாசகர்களே பல ஆண்டுகள் உழைத்துத் தயாரித்தனர்.

எண்ணையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. டைம்ஸ் ஆஃப் இந்தியா குழுமம் 1964 மார்ச்சில் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ் தமிழ் உள்ளிட்ட பல மொழிகளில் வந்தது. அதன் வரிசையில் 123, 124 ஆகிய எண்கள் கிடையாது. வேலைநிறுத்தத்தால் அவை அச்சாகவே இல்லை. 443-க்குப் பிறகு தொடர் எண் நின்று, தொகுதி எண் முறைக்கு மாறியது. இது தெரியாதவர் இல்லாத இதழைத் தேடி ஆண்டுகளைச் செலவிடுவார்.

மறுபதிப்பும் மறுவாழ்வும்

பழைய கதைகளைக் கேட்டு வாசகர்கள் விடாமல் எழுதியதால், சிவகாசியிலிருந்து ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற மறுபதிப்பு வரிசை வந்தது. கதையைப் படிக்க விரும்பியவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. முதல் பதிப்பைத் தேடியவர் நிற்கவில்லை. அவர் மறுபதிப்புக்கும் ஒரு தனி அடுக்கு ஒதுக்கினார்.

2000களில் இதழ்கள் நீண்ட இடைவெளிகளோடு வந்தன. ஆயினும் 2010-ல் ‘இரத்தப் படலம்’ கதையின் 18 பாகங்களும் கறுப்பு வெள்ளையில் ஒரே தொகுப்பாக வெளியாயின. ஆண்டுக்கணக்கில் துண்டு துண்டாக வந்த தொடர் அது. எல்லாப் பாகமும் வைத்திருந்தவர் சிலரே என்பதால், இந்தத் தொகுப்பு விட்டுப்போன எண்களுக்கு ஒரே வீச்சில் விடை தந்தது. 2012 ஜனவரியில் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. வண்ணமும் தரமான தாளும் கொண்ட புதிய கட்டம் அதிலிருந்து தொடங்குகிறது. சந்தா, முன்பதிவு, புத்தகக் காட்சி ஆகியவையே இப்போது விற்பனை வழிகள். ஆகஸ்டில் ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி வாசகர்கள் கூடுவதும் வழக்கமாயிற்று. 2018-ல் ‘இரத்தப் படலம்’ வண்ணத்திலும் வந்தது. 2022 ஜனவரியில் முத்து காமிக்ஸ் ஐம்பது ஆண்டு நிறைவு கண்டது.

சேகரிப்பின் பயன்

தமிழ் அச்சு வரலாற்றில் தனிமனிதச் சேகரிப்பே பொதுச் சொத்தாக மாறியதற்குச் சிறந்த சான்று கோட்டையூர் ரோஜா முத்தையா. அவர் திரட்டி வைத்த நூல்களும் இதழ்களும் துண்டறிக்கைகளும் சென்னையில் 1994-ல் உருவான ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கு அடித்தளமாயின. காமிக்ஸ் சேகரிப்புக்கும் அதே மதிப்பு உண்டு. மொழிபெயர்ப்பு நடை, விளம்பரம், விலைவாசி, வாசகர் கடிதம், சிவகாசி ஓவியர்களின் அட்டைக் கலை என அரை நூற்றாண்டுச் செய்திகள் அந்தப் பக்கங்களில் இருக்கின்றன. கதைகளை மறுபதிப்பில் மீட்கலாம். இவற்றை மூலப் பிரதியில் மட்டுமே காண முடியும்.

சங்கரன்கோவில் தொடங்கிச் சிவகாசி வரை, இந்த இதழ்களைச் சுடச்சுட வாங்கிப் படித்த ஊர்களின் பரண்களில் இன்னும் சில கட்டுகள் இருக்கக்கூடும். வீட்டை ஒழிக்கும் நாளில் அவற்றைத் தராசில் ஏற்றும் முன், அட்டையில் உள்ள எண்ணை ஒருமுறை பார்த்துவிட வேண்டும். எங்கோ ஒருவருடைய வரிசையில் விட்டுப்போன எண் அதுவாக இருக்கலாம்.