பெண்கள் உட்கூறுத் திட்டம் (கேரளம்)

பெண்கள் உட்கூறுத் திட்டம் என்பது, கேரளத்தின் உள்ளாட்சி அமைப்புகள் தம் திட்ட நிதியில் குறைந்தது 10 விழுக்காட்டைப் பெண்களின் நலனுக்கென ஒதுக்கிச் செலவிட வேண்டும் என்னும் ஏற்பாடாகும். மலையாளத்தில் இது வனிதா கடக பத்ததி என வழங்குகிறது. இது பாலின வரவுசெலவுத் திட்டம் என்னும் முறையின் ஒரு வடிவம். அரசு செலவிடும் பணம் ஆண்களையும் பெண்களையும் ஒரே அளவில் சென்றடைவதில்லை என்பதைக் கணக்கில் கொண்டு நிதியைத் திட்டமிடும் முறை, பாலின வரவுசெலவுத் திட்டம் எனப்படும். பெண்களுக்கெனத் தனியாக ஒரு பட்ஜெட் போடுவது என்று இதனைப் பொருள்கொள்வது பிழை. இருக்கின்ற ஒரே பட்ஜெட்டின் ஒவ்வோர் இனத்தையும் எடுத்து, அது யாருக்குப் பயன்படுகிறது, யாருடைய வேலைச்சுமையைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று கேட்பதே அதன் உட்பொருள்.

இம்முறை 1984இல் ஆஸ்திரேலியாவில் நடுவண் அரசின் அளவில் தொடங்கி, நிறவெறி ஆட்சி முடிவுக்கு வந்தபின் 1995இல் தென்னாப்பிரிக்காவில் வேரூன்றியது. இந்திய நடுவண் அரசு தன் பட்ஜெட்டுடன் பாலின அறிக்கையை முதன்முதலில் இணைத்தது 2005-06ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பே, கிராமப் பஞ்சாயத்தின் அளவில் இந்த வேலையைத் தொடங்கிவிட்டது என்பதே கேரள முயற்சியின் தனிச்சிறப்பு.

1993இல் நடைமுறைக்கு வந்த 73ஆம், 74ஆம் அரசியலமைப்புத் திருத்தங்கள் உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்கைப் பெண்களுக்கு உறுதிசெய்தன. ஆனால் பதவி கிடைத்த இடத்திலெல்லாம் பணம் கிடைத்துவிடவில்லை. அந்தக் குறையைத் தீர்க்கும் வகையில் கேரள அரசு 1996 ஆகஸ்ட் 17 அன்று மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, ஒன்பதாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1997-2002) மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காடு வரையிலான பங்கை உள்ளாட்சிகளிடம் ஒப்படைக்க முடிவு செய்தது. இ. எம். எஸ். நம்பூதிரிபாடு வழிகாட்டுக் குழுவுக்குத் தலைமை ஏற்க, மாநிலத் திட்டக் குழுவின் சார்பில் ஐ. எஸ். குலாத்தியும் டி. எம். தாமஸ் ஐசக்கும் முன்னின்று நடத்திய இந்த இயக்கத்தில், வார்டுதோறும் கிராமசபை கூட்டப்பட்டு, மக்கள் சொன்ன தேவைகள் துறைவாரியான பணிக்குழுக்களால் திட்டங்களாக எழுதப்பட்டன. பெண்களுக்கான 10 விழுக்காடு முதல் ஆண்டில் பரிந்துரையாகவே இருந்ததால் பல பஞ்சாயத்துகள் அதை எட்டவில்லை. அடுத்த ஆண்டில் அது கட்டாயமாக்கப்பட்டது.

விதி கட்டாயமானதும், எதனைப் பெண்களுக்கான செலவு என்று எழுதுவது என்னும் கேள்வி எழுந்தது. பெண்களும் நடக்கிறார்கள் என்பதால் சாலைச் செலவில் ஒரு பங்கையும், பெண்களே பணிபுரிகிறார்கள் என்பதால் அங்கன்வாடிக் கட்டடத்தையும் இக்கணக்கில் சேர்த்த பஞ்சாயத்துகள் உண்டு. ஆடு, கோழி, கறவை மாடு வழங்கலும் தையற்பயிற்சியும் ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வந்தன. இவற்றைப் பயனற்றவை என்று தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு வீட்டுக்கு மாடு வந்தால் விடியலில் தொழுவம் கூட்டுவதும் புல்லறுத்துவருவதும் அந்த வீட்டுப் பெண்ணின் தலையில் விழுகின்றன, பால் பணமோ அவள் கைக்கு வந்துசேரும் என்பதற்கு உறுதியில்லை. மாறாக, முற்றத்தில் ஒரு குழாய் அமைந்தால் குடத்தோடு நடக்கும் நேரம் அன்றே மிச்சமாகிறது. வீட்டில் கழிப்பறை கட்டினால் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருக்கும் வேதனை தீர்கிறது. தண்ணீர், கழிப்பறை, எரிபொருள் போன்றவற்றை நடைமுறைத் தேவைகள் என்றும், சொத்துரிமை, வன்முறையிலிருந்து விடுதலை, முடிவெடுக்கும் அதிகாரம் போன்றவற்றை அடிப்படை மாற்றத்துக்கான தேவைகள் என்றும் ஆய்வாளர் பிரிப்பர். கேரளத்தின் தொடக்க ஆண்டுத் திட்டங்கள் பெரிதும் முதல்வகையிலேயே நின்றன. எனினும் இரண்டும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. குடம் சுமக்கும் நேரம் மிஞ்சிய பெண்ணால்தான் பிற்பகலில் கிராமசபைக்கு வந்து உட்கார முடியும்.

அப்படி வந்து உட்காரும் பெண்களைத் திரட்டியது 1998 மே 17 அன்று மலப்புறத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடும்பஸ்ரீ ஆகும். ஆலப்புழையில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்த ஊட்டச்சத்துத் திட்டத்தின் பட்டறிவிலிருந்து பிறந்த இந்த அமைப்பு, அயல்கூட்டம் எனப்படும் அண்டைவீட்டுப் பெண்களின் குழுக்களை வார்டு அளவிலும் பஞ்சாயத்து அளவிலும் இணைத்தது. உள்ளாட்சியின் பெண்கள் நிதி பெரும்பாலும் இக்குழுக்களின் வழியாகச் செலவிடப்பட்டதால் பணம் உரியவர்களைத் தேடிச் சென்றது. அதே வேளையில், சிறுகடனும் சிறுதொழிலுமே பெண்கள் நலம் என்னும் குறுகிய பார்வையும் அதனோடு சேர்ந்து வளர்ந்தது.

பின்னர், பஞ்சாயத்துகள் தம் எல்லைக்குள் பெண்களின் நிலையை ஆராயும் ஸ்த்ரீபதவி படனம் என்னும் ஆய்வுகளும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் எதிரான கொடுமைகளைக் கவனிக்கும் ஜாக்ரதா சமிதிகளும் உள்ளாட்சிப் பணிகளில் இடம்பெறத் தொடங்கின. வன்முறையும் பஞ்சாயத்தின் செலவுக் கணக்குக்குரிய பொருளே என்று ஏற்கப்பட்டது இந்த வரலாற்றின் மிகப் பெரிய திருப்பம் எனலாம். பெண்களுக்கான இடஒதுக்கீடு பாதியாக உயர்த்தப்பட்டு, 2010 தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தபோது, பணிக்குழுவில் கருத்துச் சொல்பவர்களாக மட்டுமிருந்த பெண்களுள் பலர் திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கும் உறுப்பினர்களாயினர். 2017-18இல் மாநில அரசும் தன் பட்ஜெட்டோடு பாலின ஆவணத்தை வெளியிட்டது.

எனினும், கீழ்வரம்பாக வகுக்கப்பட்ட 10 விழுக்காட்டைப் பல பஞ்சாயத்துகள் மேல்வரம்பாகவே நடத்தின. பெண்களின் அன்றாடத்தைத் தீர்மானிக்கும் பேருந்து நிறுத்தம், தெருவிளக்கு, சந்தைக் கழிப்பறை, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியன எஞ்சிய 90 விழுக்காட்டில்தான் முடிவாகின்றன.