காதிஷா ஆறு

காதிஷா: லெபனான் நாட்டின் வடபகுதியில், 3088 மீட்டர் உயரமுள்ள அந்நாட்டின் தலைச்சிகரத்தின் சாரலில், பழைய கேதுரு மரங்கள் நிற்கும் மேட்டிற்குக் கீழே, பிஷர்ரி என்னும் ஊரையடுத்த ஒரு குகையில் ஊற்றெடுத்து, செங்குத்தான சுண்ணாம்புப் பாறைகளினூடே இறங்கி, திரிப்போலி நகரை அடைகையில் அபூ அலி எனப் பெயர் மாறி மத்தியதரைக் கடலில் கலக்கும் சிற்றாறு. சுரியானி மொழியில் காதிஷா என்னும் பெயருக்குப் பரிசுத்தம் என்பது பொருள்.

ஏகாந்தம் நாடிய துறவியர் கிறிஸ்து சகாப்தத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளிலேயே இங்குள்ள குகைகளில் தவம் புரிந்தனர். பின்னர், சிரியாவில் தழைத்த மாரோனியக் கிறிஸ்தவச் சபையார் மதப்பூசல்களுக்கு அஞ்சி மலையேறி வந்தபோது, ஏறுதற்கரிய அப்பாறைகளே அவர்களுக்கு அரணாயின. ஆயினும் அரண் என்றும் காத்ததில்லை. 13ஆம் நூற்றாண்டில் எகிப்தை ஆண்ட மம்லூக்கியரின் படைக்கு அஞ்சி ஒளிந்து, ஹதத் என்னும் ஊரருகே ஒரு குகைக்குள் மாண்டவர்களின் உடல்கள், வறண்ட காற்றால் அழியாமல், பூவேலை செய்த ஆடைகளோடு ஏறத்தாழ எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் கண்டெடுக்கப்பட்டன. சில மாதமே நிரம்பிய பெண்மகவொன்றும் அவர்களிடையே இருந்தது.

இவ்வாற்றுப் பள்ளத்தாக்கின் மடங்களுள் கன்னூபீன் மிகப் பழையது. கூட்டுத் துறவு வாழ்க்கையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் திரிபே அதன் பெயர். 1440 முதல் 19ஆம் நூற்றாண்டு வரை மாரோனியப் பிதாப்பிதாக்களின் பீடம் பாறையோடு ஒட்டிய இவ்வெளிய மடத்திலேயே இருந்தது. 1695இல் தோன்றிய லெபனானிய மாரோனியத் துறவற சபை விரைவில் இப்பள்ளத்தாக்கிலுள்ள எலிசேயு தீர்க்கதரிசியின் மடத்தில் நிலைகொண்டது.

எனினும் உலக சரித்திரத்தில் இவ்வாற்றங்கரைக்கு நிலையான இடம் தேடித் தந்தது, வனத்து அந்தோணியார் பெயரால் விளங்கும் கொசையா மடமே. 1610இல் அங்கு விவிலியத்தின் சங்கீதப் புத்தகம் அச்சேறியது. ஜெபத்தின் மொழி சுரியானி, வீட்டின் மொழி அரபு என்றாகிவிட்ட மக்களுக்காக, ஒரு பத்தியில் சுரியானியும், மறு பத்தியில் சுரியானி எழுத்திலேயே பொறித்த அரபும் அமைய அதனை வெளியிட்டனர். மேலை ஆசியாவில் அரபு மொழி அச்சேறியது அதுவே முதன்முறை என்பர். கோவேறு கழுதையும் தயங்கும் மலைவழியில் அச்சுக் கருவியை ஏற்றிக் கொணர்ந்தவர்களின் சிரத்தை வணங்கத்தக்கது.

1883இல் பிஷர்ரியில் பிறந்து நியூயார்க்கில் மறைந்த கவிஞர் கலீல் ஜிப்ரானின் உடல், பிஷர்ரியிலேயே பாறையைக் குடைந்து அமைத்த மார் சர்கிஸ் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. பள்ளத்தாக்கும் கேதுரு வனமும் 1998இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்க்கப்பட்டன.