கரிசல் காட்டில் யாருடைய மரம்?

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் ரயிலில் நீங்கள் சன்னலோரம் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். வண்டி சாத்தூரைத் தாண்டிக் கோவில்பட்டியை நெருங்கும்போது இருபுறமும் பாருங்கள். கறுத்த நிலம். சில இடங்களில் பருத்தியோ கம்போ உளுந்தோ நிற்கும். மற்ற இடங்களிலெல்லாம் ஆள் உயரத்துக்குமேல் வளர்ந்த ஒரே வகை முட்செடிதான். ஓடைக்கரை, கண்மாய், தரிசு, ரயில் பாதையின் ஓரம் என்று எங்கே பார்த்தாலும் அதுவே. அதைச் சீமைக்கருவேல் என்றும் வேலிக்காத்தான் என்றும் சொல்வார்கள். சற்றே அலுப்போடு 'முள்' என்று மட்டும் சொல்பவர்களும் உண்டு.

அந்த மரம் யாருக்குச் சொந்தம்? அதை வெட்டச் சொல்லும் அதிகாரம் யாருக்கு? வெட்டிய இடத்தில் வேறொன்றை வைக்கும் கடமை யாருடையது? எளிய கேள்விகள்தாம். ஆனால் இவற்றுக்கு விடை தேடிப் போனால் முந்நூறு ஆண்டுச் சரித்திரத்துக்குள் நாம் நுழைய வேண்டியிருக்கும்.

முதலில் மண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கரிசல் மண்ணில் உள்ள களித்துகள்கள் நீரை உறிஞ்சினால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். அப்படி மண் பிளக்கும்போது இளங்கன்றின் வேர்களும் அறுபடுகின்றன. ஆண்டு மழை சராசரியாக ஏறத்தாழ 700 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். இந்த நிலைமையில் மானாவாரிப் பயிர் விளையும். மரம் எளிதில் பிழைக்காது. பழைய கரிசல் ஊர்களில் மரங்கள் எண்ணி வைத்தாற்போலத்தான் இருந்தன. புஞ்சையில் ஒரு மஞ்சணத்தி, வேலியோரம் குடைபோல் விரிந்த உடை, கண்மாய்க்குள் நாட்டுக்கருவேல், ஊர் மந்தையில் ஒரு வேம்பு, சாலையில் புளி. ஏர் செய்யவும் வண்டி செய்யவும் நாட்டுக்கருவேல்தான் உதவியது. இத்தனை குறைவாக மரம் உள்ள நாட்டில் ஒவ்வொன்றுக்கும் கணக்கு இருந்ததில் வியப்பில்லை.

அந்தக் கணக்கின் பழைய பக்கம் சாலை மரங்களில் இருக்கிறது. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் போட்ட சாலைகளையும் நட்ட நிழல் மரங்களையும் பற்றித் தென்பாண்டி மக்கள் இன்றும் பேசுகிறார்கள். மங்கம்மாள் சாலை என்ற பெயரே பல இடங்களில் நிலைத்துவிட்டது. பின்னால் ஆங்கிலேயர் ஆட்சியில் ஸ்தல ஸ்தாபனங்கள் ஏற்பட்டபோது சாலையோடு சாலை மரமும் அவற்றின் பொறுப்பில் வந்தது. 1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டம் இதைத் தெளிவாகச் சொல்கிறது. தனியார் சொத்தாக இல்லாத தெருவோர மரங்கள் எல்லாம் நகரசபையைச் சேரும். கோவில்பட்டி நகராட்சியான பிறகு அந்த ஊருக்கும் நெடுங்காலம் இந்தச் சட்டமே பொருந்தியது. புளியமரத்தின் காய்ப்பை ஆண்டுதோறும் ஏலம் விடுவார்கள். ஏலம் எடுத்தவர் காயை உலுக்கிக்கொள்ளலாம். மரத்தில் கோடரி வைக்க முடியாது. மரம் நின்றால் வருமானம், விழுந்தால் நஷ்டம் என்று அலுவலகத்துக்கே தெரிந்திருந்தது. மரத்தைக் காக்க இதைவிட நல்ல காவல்காரன் கிடையாது என்பது என் எண்ணம்.

இதைவிட நுட்பமான ஏற்பாடு ஒன்று கிராமக் கணக்கில் உண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் இருக்கும் பதிவேடுகளில் ஒன்றுக்கு 2-சி என்று பெயர். 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகளின் பதவி ஒழிக்கப்படும்வரை கர்ணத்தின் கையில் இருந்தது அது. புறம்போக்கு நிலத்தில் நிற்கும் பலன் தரும் மரங்களைப் பற்றியது இந்தக் கணக்கு. அதன்படி கொடுக்கப்படும் மரப்பட்டாவை 2-சி பட்டா என்பார்கள். நிலம் சர்க்காருடையது, அதில் பட்டாதாரருக்கு எந்த உரிமையும் இல்லை. ஆனால் மரத்தின் பலன் அவருடையது. மரவரி செலுத்த வேண்டும். அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. சொந்த நிலம் இல்லாத ஒருவரும் ஒரு புளியமரத்துக்கு உடையவராக இருக்கலாம்! நிலத்துக்கு ஓர் உடைமை, மரத்துக்கு வேறோர் உடைமை என்று பிரித்துப் பார்த்த இந்தக் கணக்கில் எனக்கு மதிப்பு அதிகம். நட்டவனுக்குப் பலன் என்று இருந்தால் அவன் தண்ணீர் ஊற்றுவான் என்பதைக் கண்டு எழுதிய விதி இது.

இனி நம் முட்செடிக்கு வருவோம்.

இந்த மரத்தைக் காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள் என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். மேடைகளிலும் துண்டுப் பிரசுரங்களிலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அது சரியல்ல. இதன் பிறப்பிடம் மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, தென் அமெரிக்காவின் வடபகுதி, கரீபியத் தீவுகள். 1876-ல் சென்னை மாகாணத்தின் காட்டுத்துறையில் கன்சர்வேட்டராக இருந்த கர்னல் பெடோம், இதன் விதைகளை வரவழைத்துத் தரும்படி வருவாய்த்துறைச் செயலருக்கு எழுதினார். அடுத்த ஆண்டு விதை வந்தது. கடப்பைப் பக்கத்தில் கமலாபுரத்தில் ஊன்றினார்கள். காமராசர் பதவிக்கு வந்தது 1954-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், இடையே முக்கால் நூற்றாண்டுக்குமேல் இருக்கிறது.

1876 என்ற ஆண்டைச் சற்று நினைவில் வையுங்கள். தாது வருஷப் பஞ்சம் தொடங்கிய ஆண்டு அது. தூத்துக்குடிவரை ரயில் பாதை திறந்ததும் அதே 1876-ல்தான். கோவில்பட்டி அந்தப் பாதையில்தான் இருக்கிறது. அந்நாளில் ரயில் எஞ்சின்கள் விறகையும் தின்றன. வறண்ட நிலத்தில் தானாக வளரும் விறகு மரம் ஒன்று வேண்டும் என்று ஓர் அதிகாரி அப்போது தேடியதில் குற்றம் காண முடியாது. பிற்காலத்தில் அரசின் ஆதரவோடு பல மாவட்டங்களில் இதைப் பரப்பினார்கள் என்பதும் உண்மையே. அந்த விதையோடு ஒரு விதியும் வரவில்லை என்பதுதான் குறை. எங்கே நடலாம், எங்கே கூடாது, வேண்டாமென்றால் யார் அகற்றுவது என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

விதிக்காக மரமும் காத்திருக்கவில்லை. அதன் காய் இனிப்பானது. ஆடும் மாடும் ஆசையோடு தின்னும். உள்ளே இருக்கும் விதைக்கு ஓடு கெட்டி. பல விதைகள் செரிக்காமல் சாணத்தோடும் புழுக்கையோடும் வெளியே வந்து எருவோடு சேர்ந்தே முளைக்கும். வேர் மிக ஆழமாகப் போகும். இதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தின் வேரை அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள். உதிரும் இலையில் உள்ள சில பொருள்கள் பிற விதைகள் முளைப்பதைத் தடுக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, தண்டை வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாகத் துளிர்க்கும்.

இங்கே ஒரு தவறான கருத்தையும் தீர்த்துவிடலாம். இந்த மரம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடித்து மழையைத் தடுக்கிறது, ஆக்சிஜனே விடுவதில்லை என்றெல்லாம் சொல்வார்கள். பச்சை இலை உள்ள எந்த மரமும் ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் விடத்தான் செய்யும். நீராவியும் இலையிலிருந்து வெளியே போகிறதே தவிர உள்ளே வருவதில்லை. இதன் உண்மையான தீங்கு வேறு. நிலத்தடி நீரை ஆழத்திலிருந்து இழுக்கிறது. கண்மாயின் வரத்துக்காலை அடைத்துவிடுகிறது. உழாமல் விட்ட புஞ்சையை மூன்று நான்கு ஆண்டுகளில் முட்காடாக்கி, சிறு விவசாயி திரும்ப உழ நினைத்தாலும் முடியாதபடி செய்துவிடுகிறது. குற்றம் சாட்டுவதானால் உள்ள குற்றத்தைச் சாட்டுவோம்.

மறுபக்கமும் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களிலும் அதற்குக் கிழக்கே இராமநாதபுரம் சீமையிலும் எத்தனையோ வீடுகளில் அடுப்பெரிந்தது இந்த முள்ளால்தான். கரிமூட்டம் போடுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வெட்டிய கட்டைகளை நெருக்கி அடுக்கி, தழையால் மூடி, மேலே மண் பூசி, சிறு துளைகள் மட்டும் விட்டுத் தீ வைப்பார்கள். காற்று குறைவாகக் கிடைப்பதால் கட்டை எரிந்து சாம்பலாகாமல் உள்ளுக்குள் வெந்து கரியாகும். முதலில் வெளிவரும் வெண்புகை பெரும்பாலும் நீராவி. புகை மெலிந்து நீலமாகும்போது மூட்டம் வெந்துவிட்டது என்று ஆட்கள் அறிவார்கள். நாலைந்து கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. அந்த முள்ளை வெட்டுகிறவர்களில் பலர் நிலமில்லாதவர்கள். வேரை விட்டுத் தண்டை மட்டும் வெட்டுவார்கள். மூன்று நான்கு ஆண்டுகளில் அடுத்த வெட்டு வந்துவிடும் அல்லவா? (தீப்பெட்டிக்குப் பேர்போன கோவில்பட்டியின் குச்சிகளுக்கு மட்டும் இது உதவவில்லை. கோணலும் முடிச்சுமான கட்டையில் குச்சி எடுக்க முடியாது. அதற்கு மரம் மலையாளக் கரையிலிருந்து வந்தது.)

கண்மாய்களின் கதை இன்னும் சிக்கலானது. எட்டயபுரம் போன்ற ஜமீன்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிந்தபின் அவற்றின் கண்மாய்கள் அரசிடம் வந்தன. நாற்பது ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ளவை ஊராட்சி ஒன்றியங்களுக்கும், பெரியவை பொதுப்பணித்துறைக்கும் என்று பிரிந்தன. 1981-ல் சுவீடன் நாட்டு உதவியோடு தொடங்கிய சமூகக் காடுகள் திட்டத்தில், கண்மாய்களின் நீர்ப்பிடிப்பில் நாட்டுக்கருவேல் நட்டது வனத்துறை. அந்த விளைச்சலில் ஊராட்சிக்கும் பங்கு உண்டு. ஒரே கண்மாயில் தண்ணீர் ஒருவர் பொறுப்பு, நட்ட மரம் இன்னொருவர் பொறுப்பு. தானாக முளைத்த முள்ளைத்தான் எவரும் தம்முடையதென்று சொல்லவில்லை, விற்கும் நாள் வரும்வரை.

2016-ன் இறுதியிலும் 2017-ன் தொடக்கத்திலும் இந்த விஷயம் நீதிமன்றத்தில் சூடு பிடித்தது. வைகோ உள்ளிட்டோர் தொடுத்த பொதுநல வழக்குகளில், தென்மாவட்டங்களில் சீமைக்கருவேலை அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. மேற்பார்வைக்கு வழக்கறிஞர்களை ஆணையர்களாக நியமித்தது. தனியார் நிலத்தில் இருந்தால் உடையவரே அகற்ற வேண்டும். தவறினால் அரசு அகற்றிச் செலவை அவரிடமே வசூலிக்கும். ஊருக்கு ஊர் மண் அள்ளும் இயந்திரங்கள் இறங்கின. மாணவர்கள்கூட அரிவாளோடு புறப்பட்டார்கள்.

அந்த ஏப்ரலிலேயே சென்னையில் தலைமை நீதிபதியின் அமர்வு இடைக்காலத் தடை விதித்தது. அறிவியல் ஆய்வு இல்லாமல் மாநிலம் முழுவதும் ஒரு மரத்தை அழிக்கலாமா என்ற கேள்வி எழுந்திருந்தது. வெறும் வாதத்துக்கான கேள்வியல்ல அது. முதுகுளத்தூர்ப் பக்கத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் கண்மாய்ச் சரணாலயங்களில் நாரைகள் நாட்டுக்கருவேலோடு இந்த மரத்திலும் கூடு கட்டுகின்றன. வல்லுநர் குழு, வாய்தா என்று வழக்கு நீண்டது. 2022-ல் தமிழக அரசு அயல் படர் தாவரங்களை அகற்றி இயற்கைச் சூழலை மீட்பதற்கான கொள்கையை வெளியிட்டது. அகற்றிய இடத்தில் நாட்டு மரங்களை வளர்ப்பதும் அதில் ஒரு பகுதி.

நம் ஊரில் மட்டும்தான் இந்தத் தகராறு என்று எண்ண வேண்டாம். கென்யா நாட்டில் பரிங்கோ ஏரிப் பகுதியில் 1980-களில் அரசுத் திட்டமாகவே இம்மரத்தை நட்டார்கள். 2006-ல் அங்குள்ள கால்நடை மேய்ப்போர் அரசின்மீது வழக்குத் தொடுத்தார்கள். இனிப்புக் காயைத் தின்று தின்று பல்லை இழந்த ஆடு ஒன்றை நீதிமன்றத்துக்கே சாட்சியாக ஓட்டிப் போனார்களாம்!

அகற்று என்ற உத்தரவு வந்த ஊரில் என்ன நடக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஊராட்சி கண்மாய் முள்ளை ஏலம் விடுகிறது. எடுத்தவருக்கு விலை கிடைப்பது தண்டில்தான். வேரைப் பறிக்க இயந்திரம் வேண்டும், டீசல் வேண்டும். அந்தச் செலவு திரும்பி வராது. ஏலப் பத்திரத்தில் வேரும் சேர்த்து எழுதப்பட்டு, அதை ஒருவர் நேரில் வந்து பார்த்தாலன்றி, தண்டு போகும், வேர் நிற்கும். நீதிமன்றம் சொன்ன அகற்றலும் மூட்டக்காரரின் வெட்டும் முதல் நாளில் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். வேறுபாடு தெரிவது அடுத்த மழைக்குப் பிறகு.

அகற்றிய இடத்தில் என்ன என்பதற்கும் இன்று ஒரு வாய்ப்பாடு வழக்கத்தில் உள்ளது: ஒரு மரம் வெட்டினால் பத்துக் கன்று நட வேண்டும். மதுரை–கன்னியாகுமரி நெடுஞ்சாலையை நாலு வழியாக்கியபோது வீழ்ந்த புளியையும் வேம்பையும் ஆலையும் நினைத்தால் இந்த விதி தேவைதான். ஆனால் பத்து என்ற எண் நடும் நாளின் எண். கரிசலில் சித்திரை வெடிப்பைத் தாண்டி நிற்கிற கன்றுகளின் எண்ணிக்கையை எந்தப் பதிவேட்டில் எழுதுவது? கண்மாய்க் கரையில் ஒரு வேம்பையோ புளியையோ வைத்து மூன்று கோடை தண்ணீர் சுமக்கிறவருக்கு அதன் பலனில் உரிமை உண்டு என்று எழுதிக் கொடுக்க, பழைய 2-சி பதிவேடு இருக்கவே இருக்கிறது.

கண்மாயை வேரோடு துப்புரவாக்கிவிட்ட ஊருக்கும் வேலை தீராது. மண்ணுக்குள் கிடக்கும் பழைய விதைகள் ஐப்பசி மழையில் முளைக்கும். கார்த்திகையில் விரல் நீளக் கன்றாக இருக்கும்போது, ஈரக் கரிசலிலிருந்து சிறுபிள்ளைகூட அதைப் பிடுங்கிவிடலாம். தை பிறந்து மண் இறுகிவிட்டால் கடப்பாரை எடுக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்கு மறுபடியும் ஏலம்தான்.