அவரைக்கொடியின் நாட்காட்டி

'ஆடிப் பட்டம் தேடி விதை' என்ற பழமொழியைக் கேட்டிராத தமிழர் இருக்க மாட்டார். ஆடியில் மழை கிடைக்கும், ஆகவே விதைக்க வேண்டும் என்று அதற்குப் பொருள் சொல்கிறோம். ஆனால் அவரையைப் பொறுத்தவரை அதற்குள் இன்னொரு காரணமும் அடங்கியிருக்கிறது. அது விளங்குவதற்கு 20ஆம் நூற்றாண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

காஞ்சிபுரத்துக்கு மேற்கே உள்ள திருப்புட்குழியை எடுத்துக்கொள்வோம். இவ்வூர்க் கோயிலின் மரகதவல்லித் தாயார் வறுத்த பயறையும் முளைக்க வைப்பார் என்பது மக்களின் நம்பிக்கை. நாம் பேசப்போவது முளைப்பைப் பற்றி அல்ல. அதற்குப் பின் வரும் பூப்பைப் பற்றி. அங்கே ஒரு வீட்டார் மாசிக் கடைசியில் பந்தல் போட்டு, பழைய நாட்டுக் கொடி அவரையை ஊன்றுவதாக வைத்துக்கொள்ளுங்கள். கொடி பந்தலை மூடும். கோடை முழுவதும் தண்ணீர் இறைத்து ஊற்றுவார்கள். பூ மட்டும் வராது. பக்கத்து வீட்டில் ஆடியில் ஊன்றிய கொடி பூக்கும் காலத்தில்தான் இதுவும் பூக்கும். பல மாதத்து நீரும் உழைப்பும் வெறும் இலையாகப் போய்விடும். ஏன் இப்படி?

அமெரிக்காவில் வாஷிங்டன் நகருக்கு அருகே ஆர்லிங்டன் பண்ணையில் இதே புதிரைக் கார்னர், அல்லார்டு என்ற இருவர் சந்தித்தனர். அங்கே ஒருவகைப் புகையிலை 10 அடிக்கு மேல் வளர்ந்தும் கோடையில் பூக்கவில்லை. அதையே குளிர்காலத்தில் கண்ணாடி வீட்டில் வளர்த்தபோது, சிறிய செடியாக இருக்கும்போதே பூத்தது. ஒருவகைச் சோயாவை வெவ்வேறு தேதிகளில் விதைத்தார்கள். அவையும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பூத்தன. வெப்பமா, உரமா, ஒளியின் வலிமையா என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார்கள். எதுவும் விடையாகவில்லை.

எஞ்சியது பகலின் நீளம். 1918 ஜூலையில் செடித் தொட்டிகளை மாலை 4 மணிக்கு ஓர் இருட்டறைக்குள் வைத்து, மறுநாள் காலை 9 மணிக்கு வெளியே எடுத்தார்கள். பகல் குறுகிய அந்தச் செடிகள் கோடையிலேயே பூத்தன! 1920இல் முடிவுகள் வெளியாயின. இப்பண்பே 'ஒளிக்காலத்துவம்' எனப்படுகிறது. பகல் குறுகும்போது பூப்பவை குறும்பகல் தாவரங்கள். நமது கொடி அவரையும் அந்த இனத்தைச் சேர்ந்ததே.

பூமியின் அச்சு 23½ பாகை சாய்ந்திருப்பதால் பகலின் நீளம் மாறுகிறது. வாஷிங்டனில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வேறுபாடு சுமார் 5½ மணி. திருப்புட்குழி ஏறத்தாழ 13ஆம் பாகை வடக்கு அட்சத்தில் இருப்பதால், அங்கே அது சுமார் 1½ மணிதான். நாம் கவனிக்கத் தவறும் இந்தச் சிறு வேறுபாட்டை அவரைக்கொடி தவறாமல் கவனிக்கிறது.

எப்படிக் கவனிக்கிறது? உண்மையில் செடி அளப்பது இரவைத்தான் என்று 1938இல் ஹாம்னர், பானர் ஆகியோர் காட்டினர். நீண்ட இரவின் நடுவே சிறிது நேரம் விளக்கொளி பட்டாலும் அவர்கள் சோதித்த செடி பூக்கவில்லை. அந்த ஒளியை உணரும் நிறமியான பைட்டோகுரோம் 1959இல் கண்டறியப்பட்டது. அது 660 நானோமீட்டர் அலைநீளமுள்ள சிவப்பொளியில் ஒரு வடிவமும், 730 நானோமீட்டர் அளவிலுள்ள ஒளியில் மற்றொரு வடிவமும் கொள்கிறது.

நம் முன்னோருக்கு நிறமியும் தெரியாது, அலைநீளமும் தெரியாது. ஆனால் எந்த மாதத்தில் ஊன்றினால் காய் கிடைக்கும் என்பதைப் பார்த்துப் பார்த்து அறிந்திருந்தார்கள். ஆடியில் ஊன்றினால், கொடி படரவும் பகல் குறுகவும் காலம் சரியாக இருக்கும்.

வரும் இளவேனிலுக்குத் தோட்டம் போட எண்ணும் வாசகரே, விதை வாங்கும்போது இந்த வரலாற்றை நினைவில் கொள்ளுங்கள். மாசி, பங்குனியில் வெண்டை, தண்டுக்கீரை ஆகியவற்றைப் போடலாம். அவரை வேண்டுமென்றால் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குத்து அவரையைத் தேர்ந்தெடுங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அத்தகைய இரகங்களை உருவாக்கியிருக்கிறது. பந்தல் அவரைக்கான இடத்தை ஆடிவரை காலியாக விடுங்கள். அந்த இடம் இரவு முழுவதும் எரியும் தெருவிளக்கின் கீழ் அமைய வேண்டாம்.

இன்னொன்றும் செய்யலாம். நாட்டு அவரை விதை கைவசம் இருந்தால், மாசி முதல் ஆவணி வரை மாதம் இரண்டு விதை ஊன்றுங்கள். ஊன்றிய நாளையும் முதல் பூ வந்த நாளையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கார்னரும் அல்லார்டும் சோயாவில் கண்டதை உங்கள் கொல்லையிலேயே நீங்கள் காண்பீர்கள்.