கேளிக்கைப் பூங்காச் சவாரிகளில் குமட்டல்

ராட்டினம், ரோலர் கோஸ்டர், கப்பல் ஊஞ்சல், அசையும் இருக்கைகள் கொண்ட திரையரங்கு ஆகியவற்றில் ஏறி இறங்கியவர்களில் ஒரு பகுதியினருக்கு முகம் வெளிறும், உடல் சில்லென்று வியர்க்கும், வாயில் நீர் ஊறும், தலை சுற்றும். சிலருக்கு வாந்தியில் போய் முடியும். மலைப்பாதைப் பேருந்திலும் கடற்பயணத்திலும் வரும் குமட்டலும் இதுவும் ஒன்றே. உட்செவி நன்றாக வேலை செய்கிறவருக்குத்தான் இது வரும் என்பதால் இதை நோய் என்று சொல்வது பொருந்தாது. ஆனாலும் பூங்காவில் ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தால், பயந்துவிட்டார், வயிறு சரியில்லை, மனத்திடம் போதாது என்ற மூன்று விளக்கங்களில் ஒன்று அவர் மேல் விழுகிறது. மூன்றும் பெரும்பாலும் தவறு. அச்சம் ஒரு வழியில் வருகிறது, குமட்டல் வேறொரு வழியில் வருகிறது. வேகத்தையும் உயரத்தையும் பார்த்து அஞ்சுகிறோம். குமட்டலைத் தீர்மானிப்பவையோ அசைவின் வகையும், அந்த அசைவைக் குறித்துக் கண்ணும் காதும் ஒரே செய்தியைச் சொல்கின்றனவா என்பதும். இந்த வேறுபாடு தெரிந்துவிட்டால், எதில் ஏறுவது, எங்கே உட்காருவது, தலையை எப்படி வைத்துக்கொள்வது என்பவற்றிலேயே பாதிக்கு மேல் சமாளித்துவிடலாம். மாத்திரை அதற்குப் பிறகுதான்.

ஒவ்வொரு காதின் உட்பகுதியிலும் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை இவை அறிகின்றன. இவற்றை ஒட்டி, நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்களைத் தாங்கிய இரண்டு பைகள் உள்ளன. நேர்க்கோட்டில் வரும் உந்தலையும் புவியீர்ப்பின் திசையையும் இவை உணர்கின்றன. குழல்களுக்கு ஒரு பலவீனம் உண்டு. சுழற்சி தொடங்கும்போதும் நிற்கும்போதும் மட்டுமே அவற்றால் சரியாகச் சொல்ல முடியும். ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால், உள்ளிருக்கும் திரவமும் சேர்ந்து சுழலத் தொடங்கி, அரை நிமிடத்துக்குள் சுழல்கிற உணர்வு ஏறக்குறைய மங்கிவிடும். ராட்டினம் நின்றதும் திரவம் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதால் உலகம் எதிர்ப்பக்கமாகச் சுற்றுவதுபோல் தோன்றும். சுழலும்போதே தலையைக் குனிந்தாலோ பக்கத்தில் இருப்பவரைத் திரும்பிப் பார்த்தாலோ நிலைமை இன்னும் மோசமாகும். ஒரு குழலிலிருந்து இன்னொரு குழலுக்குச் சுழற்சி மாறி, உண்மையில் இல்லாத ஒரு புரளலை மூளை உணர்கிறது. குமட்டலை வரவழைப்பதில் இந்தக் குறுக்குச் சுழற்சிக்கு நிகரானது குறைவு. சோதனைக்கூடங்களில் தேவைக்கேற்பக் குமட்டலை உண்டாக்க இதைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

காதும் கண்ணும் உடலும் தரும் செய்திகள் ஒன்றோடொன்று முரண்படுவதே, அதிலும் மூளை முன்பே எதிர்பார்த்திருந்ததோடு முரண்படுவதே குமட்டலின் மூலம் என்று ஆய்வாளர்கள் ரீசனும் பிராண்டும் 1975இல் வெளியிட்ட நூலில் விரிவாக வாதிட்டனர். உடலை நிலையாக வைத்துக்கொள்ள முடியாத நிலைதான் காரணம் என்று 1991இல் ரிச்சியோவும் ஸ்டாஃப்ரெகனும் மாற்றுக் கருத்து வைத்தார்கள். வாதம் இன்னும் முடியவில்லை. உட்செவி இல்லாமல் இந்தக் குமட்டல் இல்லை என்பது மட்டும் உறுதி. 1882இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் காது கேளாதோர் 519 பேரைச் சுழற்றிச் சோதித்தபோது 186 பேருக்குத் தலைசுற்றலே வரவில்லை. 1950களின் கடைசியில் அமெரிக்கக் கடற்படையும் பின்னர் நாசாவும், கேலடெட் கல்லூரியைச் சேர்ந்த காது கேளாத பதினொரு ஆண்களைச் சோதனைகளுக்கு அழைத்தன. பெரும்பாலோர் சிறுவயதில் மூளையுறை அழற்சியால் உட்செவியின் செயலை இழந்தவர்கள். நோவா ஸ்கோஷியா கரையோரம் கொந்தளிக்கும் கடலில் ஒரு படகில் அவர்களை ஏற்றிச் சென்றபோது, ஆராய்ச்சியாளர்களே தாங்க முடியாமல் சோதனையை நிறுத்த வேண்டியதாயிற்று. சோதிக்கப்பட்டவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். பார்வையற்றவர்களுக்கோ இந்தக் குமட்டல் வருகிறது. கண் இல்லாமல் வரலாம், உட்செவி இல்லாமல் வராது. வயிறு கடைசியில் உத்தரவை நிறைவேற்றும் இடம் மட்டுமே.

கண்ணுக்குப் பங்கே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. கேளிக்கைச் சவாரிகளின் வரலாற்றிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. 1894இல் சான் ஃபிரான்சிஸ்கோ கண்காட்சியில் ‘பேய் ஊஞ்சல்’ என்ற ஒன்று இருந்தது. ஓர் அறைக்குள் பெரிய ஊஞ்சல், அதில் பார்வையாளர்கள். ஊஞ்சல் லேசாகத்தான் அசையும். சுவர், மேசை நாற்காலி, விளக்கு எல்லாவற்றோடும் அறையே அவர்களைச் சுற்றிப் புரளும். ஊஞ்சல்தான் தலைகீழாகச் சுற்றி வருகிறது என்று உட்கார்ந்திருப்பவர்கள் நம்பி இருக்கையை இறுகப் பற்றிக்கொள்வார்கள். இயற்பியலாளர் ஆர். டபிள்யூ. வுட் 1895இல் இதைப் பதிவு செய்தார். உண்மை தெரிந்த பிறகும் அந்த மயக்கம் விலகவில்லை என்பதும், வெளியே வந்தவர்களில் சிலருக்குத் தலைசுற்றலும் குமட்டலும் இருந்தன என்பதும் அவர் பதிவில் உள்ளன. வேகம் இல்லை, உயரம் இல்லை, ஆபத்து இல்லை. கண் மட்டும் ஏமாந்தது.

இனி இன்றைய சவாரிகளைப் பார்க்கலாம். பெரிய ரோலர் கோஸ்டரின் ஓட்டம் பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடங்களுக்குள் முடிந்துவிடும். குமட்டல் திரண்டு எழப் பொதுவாக அதைவிடக் கூடுதல் நேரம் தேவை. தண்டவாளம் கண்முன் தெரிகிறது, அடுத்து எந்தப் பக்கம் வளையும் என்பதை மூளை முன்கூட்டியே கணித்துக்கொள்கிறது. அதனால்தான் பார்க்கவே நடுங்க வைக்கும் கோஸ்டரிலிருந்து சிரித்தபடி இறங்கும் பலர், குழந்தைகளுக்கென்று வைத்திருக்கும் தேநீர்க் கோப்பைச் சவாரியில் சோர்ந்து போகிறார்கள். 1955இல் டிஸ்னிலாந்து திறந்த நாளிலிருந்தே இருக்கும் இந்தச் சவாரியில் கோப்பை தன்னைத்தானே சுற்றுகிறது, கோப்பைகளைத் தாங்கும் தட்டும் சுற்றுகிறது, அதன் அடியில் மேடையும் சுற்றுகிறது. நடுவிலிருக்கும் சக்கரத்தைக் குனிந்து திருப்பும்போது தலையும் அசைகிறது. குறுக்குச் சுழற்சிக்கு இதைவிட வசதியான ஏற்பாடு வேண்டியதில்லை. நம் ஊர்ப் பொருட்காட்சிகளில் ‘கொலம்பஸ்’ என்று அழைக்கப்படும் கப்பல் ஊஞ்சலின் கதை வேறு. மேலும் கீழுமான அசைவில், ஏறத்தாழ ஐந்து விநாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் மெதுவான ஆட்டமே மிக அதிகமாகக் குமட்ட வைக்கிறது என்பது 1970களிலிருந்து நடந்த அளவீடுகளின் முடிவு. கடலில் செல்லும் கப்பலும் இந்தத் தாளத்தை ஒட்டித்தான் ஆடுகிறது. பன்னிரண்டு மீட்டர் நீளக் கையில் தொங்கும் ஓர் ஊஞ்சல் ஒருமுறை போய்வர ஏழு விநாடி ஆகும். அந்த ஏழு விநாடிக்குள் உடல் இரண்டு முறை கனக்கிறது, இரண்டு முறை லேசாகிறது. ஆகக் கொலம்பஸின் ஆட்டம் அந்த ஆபத்தான தாளத்துக்கு வெகு அருகில் விழுகிறது. இரு முனைகளிலும் ஆட்டம் அதிகம். நடு வரிசையில் குறைவு.

கண்ணும் காதும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதைப் பெரிய அளவில் காட்டியது ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில் 2003இல் திறந்த ‘மிஷன்: ஸ்பேஸ்’ சவாரி. விண்வெளிப் பயிற்சியில் பயன்படும் சுழல்பொறியின் கையில் மூடிய சிறு அறைகளைப் பொருத்திச் சுழற்றி, புவியீர்ப்பின் இரண்டரை மடங்கு அழுத்தம் வரை உடலில் ஏற்றுகிறார்கள். எதிரே இருக்கும் திரையில் ராக்கெட் நேராக மேலே பாய்கிறது. திரையும் முதுகில் விழும் அழுத்தமும் ஒத்துப்போகும் வரை மூளை அதை நம்புகிறது. தலையைத் திருப்பினாலோ கண்ணை மூடினாலோ திரையின் சாட்சி போய்விட, சுழற்சி வெளிப்பட்டுவிடும். தலையைச் சாய்மானத்தில் பதித்து நேராகத் திரையையே பாருங்கள், கண்ணை மூடாதீர்கள் என்று அங்கே அறிவுறுத்துவது இதனால்தான். அப்படியும் பலருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அறைகளில் வாந்திப் பைகள் வைக்கப்பட்டன. 2006இல், சுழற்சியே இல்லாத இன்னொரு வடிவத்தையும் அதே கட்டடத்தில் நடத்தத் தொடங்கினார்கள். இருவகையில் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளும் அந்த ஏற்பாடு எல்லாப் பூங்காக்களுக்கும் முன்மாதிரியாக வேண்டியது. உயரம், இதயநோய், கருவுற்றிருத்தல் பற்றி எச்சரிக்கும் பலகைகள் எங்கும் இருக்கின்றன. இந்தச் சவாரி சுழலுமா, ஆடுமா, திரையைப் பார்க்க வைக்குமா என்று சொல்லும் பலகை அரிதாகவே கண்ணில் படுகிறது.

அச்சமே குமட்டலுக்குக் காரணம் என்பவர்கள் ஒன்றைச் சுட்டிக்காட்டலாம்: பதற்றமானவர்களுக்குக் குமட்டல் சீக்கிரம் வருகிறதே? உண்மைதான். பதற்றம் தாங்கும் எல்லையைக் குறைக்கிறது, மூச்சை ஒழுங்கற்றதாக்குகிறது, முன்பு வாந்தி எடுத்த நினைவு அடுத்த முறை வரிசையில் நிற்கும்போதே வயிற்றைப் பிசைகிறது. ஆனால் எல்லையைக் குறைப்பது வேறு, காரணமாக இருப்பது வேறு. போர் விமானிகளும் விண்வெளி வீரர்களும் அஞ்சாமைக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். விண்வெளிக்குப் போனவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு முதல் சில நாட்களில் குமட்டல் வந்திருக்கிறது. கேலி செய்து ஏற்றிவிடுவதால் ஒருவருடைய உட்செவி மாறிவிடாது. இதைக் குறிப்பாகக் குழந்தைகளோடு போகும் பெரியவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். இரண்டு வயதுக்குள் இந்தக் குமட்டல் அரிது. ஆறேழு வயதிலிருந்து பன்னிரண்டு வரை மிக அதிகம். பூங்காவுக்கு அதிகம் அழைத்துச் செல்லப்படுபவர்களும் அந்த வயதினர்தான்.

பழகினால் போய்விடும் என்ற வாதம் இதைவிட வலுவானது. விமானப் படைகள் குமட்டலால் தடுமாறும் பயிற்சியாளர்களைச் சுழலும் நாற்காலியில் உட்கார வைத்து, நாள்தோறும் சிறிது சிறிதாக அளவைக் கூட்டி மீட்கின்றன. மாலுமிகளும் சில நாட்களில் பழகுகிறார்கள். ஆனால் அந்தப் பழக்கம் பல நாட்கள் பரவி, ஒவ்வொரு முறையும் வாந்திக்கு முன்பே நிறுத்தி, ஒரே வகை அசைவில் பெறப்படுவது. ஒரே பகலில் ஏழெட்டு வெவ்வேறு சவாரிகளில் ஏறுவது அப்படிப்பட்டதல்ல. அங்கே நடப்பது பழக்கம் அல்ல, சேர்மானம். முதல் சவாரியின் மிச்சம் அடங்குவதற்குள் ஏறும் இரண்டாவது சவாரி, அது எவ்வளவு மென்மையானதானாலும், மேலும் தள்ளிவிடும். ஆகவே சுழலும் சவாரிகளை அடுத்தடுத்து வைத்துக்கொள்ளாமல், இடையில் நடந்தோ உட்கார்ந்தோ அடங்க விடுவதும், மிகவும் விரும்பும் சவாரியைக் காலையிலேயே முடித்துக்கொள்வதும் பயன் தருகின்றன. கொட்டாவி, காரணமில்லாத தூக்கம், பேச்சில் விருப்பமின்மை ஆகியவை குமட்டலுக்கு முன்பே வரும் அறிகுறிகள். வெயில் அலுப்பு என்று இவற்றைத் தள்ளிவிடுகிறவர்களே அடுத்த சவாரியில் அகப்படுகிறார்கள்.

ஏறிய பிறகு செய்யக்கூடியது குறைவு, ஆனால் பயனுள்ளது. தலையைச் சாய்மானத்தில் ஒட்டி வைத்திருப்பதே முதன்மையானது. கோஸ்டரில் முன்னே வரும் தண்டவாளத்தைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் வரிசைகள் உதவும். கண்ணை மூடலாமா என்பதற்கு எல்லாச் சவாரிக்கும் பொருந்தும் ஒரே பதில் இல்லை. திரை பொய் சொல்லும் சவாரியில், இருக்கை கொஞ்சம் அசைந்து படம் மிகுதியாகப் பாயும்போது, கண்ணை மூடினால் முரண்பாட்டில் ஒரு பாதி மறைந்துவிடும். கண்முன் உண்மையான வெளி தெரியும் சவாரியில் கண்ணை மூடுவது இருக்கும் ஒரே நல்ல சாட்சியை இழப்பதாகும். சுழல்பொறியில் மேலே சொன்ன விதி. கைபேசியில் படம் பிடித்துக்கொண்டே சுற்றுவது எல்லாவற்றிலும் கெடுதல். மூச்சை நிதானமாகவும் ஒழுங்காகவும் விடுவதில் கவனம் வைத்தால் குமட்டல் தள்ளிப்போகிறது என்று 2003இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வுகள் காட்டின. மருந்தின் அளவுக்கு இல்லை, ஆனால் உடனே பலன் தருகிறது. மலைப்பேருந்தில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு போகும் நம் வழக்கத்தில், பழத்தைவிட அந்த ஆழ்ந்த மூச்சுக்கே பங்கு அதிகம் என்று எண்ண இடமிருக்கிறது. வெறும் வயிறும் நல்லதல்ல, எண்ணெய்ப் பலகாரமும் நல்லதல்ல. இரண்டு இட்லி சாப்பிட்டு முக்கால் மணி நேரம் விட்டு ஏறுவது போதும். இஞ்சி சிலருக்கு உதவுகிறது, சான்றுகள் கலவையாக உள்ளன. மணிக்கட்டில் கட்டும் அழுத்தப் பட்டைகள் போலி மருந்தைவிடச் சிறந்தவை என்று உறுதியாகக் காட்டப்படவில்லை.

மாத்திரைகள் வேலை செய்கின்றன. ஆனால் முன்கூட்டியே எடுத்தால்தான். 1947இல் பால்டிமோரில் தோல் தடிப்புக்கு மருந்து சாப்பிட்ட ஒரு பெண்ணுக்கு, டிராமில் ஏறுமுன் அதை எடுத்துக்கொண்ட நாட்களில் வழக்கமான குமட்டல் வரவில்லை என்பதிலிருந்துதான் டைமென்ஹைட்ரினேட்டின் இந்தப் பயன் தெரிய வந்தது. அதுவும் புரோமெத்தசின், சின்னரிசின் போன்றவையும் சவாரிக்குக் குறைந்தது அரை மணி முதல் இரண்டு மணி நேரம் முன்பே உள்ளே போக வேண்டும். காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபாலமைன் பட்டைக்கு நான்கு மணி நேரமாவது தேவை. குமட்டல் தொடங்கிவிட்டால் வயிறு இயங்குவதே மந்தமாகி, விழுங்கிய மாத்திரை அங்கேயே கிடக்கும். மற்ற வாந்திகளுக்குத் தாராளமாகத் தரப்படும் ஒண்டான்செட்ரான் இந்தக் குமட்டலைத் தடுப்பதில் பயனற்றது. தடுக்கும் மருந்துகள் எல்லாம் ஓரளவு தூக்கம் தருபவை. கண்ணழுத்த நோய் உள்ளவர்கள், சிறுநீர் பிரிவதில் சிரமப்படும் முதியவர்கள், சிறு குழந்தைகள் ஆகியோர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக் கூடாது. இரண்டு நிமிடச் சவாரிக்காக ஒரு பகல் முழுவதும் மந்தமாக இருப்பதா என்பதை அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். நாள் முழுவதும் பூங்காவில் இருக்கப்போகும், முன்பு பலமுறை அவதிப்பட்ட ஒருவருக்கு அது நியாயமான விலை.

ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் சராசரியைவிட எளிதில் பாதிக்கப்படுகிறார்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் செய்தும் அவர்களில் சிலருக்குச் சுழலும் சவாரி ஒத்துவராது. அதை ஏற்றுக்கொண்டு கீழே நிற்பதில் குறைவு ஒன்றும் இல்லை. இறங்கியவுடன் உட்கார்ந்து, தொலைவில் அசையாத ஒன்றைப் பார்த்து, தண்ணீரைச் சிறிது சிறிதாகக் குடித்தால் பெரும்பாலோருக்குச் சிறிது நேரத்தில் தணியும். தலைசுற்றலோ மந்தமோ முழுதும் தெளியும் வரை வண்டி ஓட்டக் கூடாது. மறுநாளும் தொடரும் தலைசுற்றல், படுக்கையில் புரளும்போதெல்லாம் சுற்றுவது, காது மந்தமாதல், கடும் தலைவலி அல்லது கழுத்துவலி, பார்வை இரட்டையாதல், பேச்சுக் குழறல், கை கால் மரத்தல் ஆகியவை சவாரிக் குமட்டலின் பகுதி அல்ல. புரளும்போது சுற்றுவதற்கு உட்செவிப் படிகங்கள் இடம் பெயர்ந்திருப்பது காரணமாக இருக்கலாம், அதைத் தலையைச் சாய்த்துச் செய்யும் எளிய பயிற்சியால் மருத்துவர் சரிசெய்வார். தலைவலி, பேச்சு, பார்வை, மரத்தல் தொடர்பானவற்றுக்கு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.