அமுரியும் ஆஸ்பத்திரியும்

1978ஆம் ஆண்டில் இந்தியப் பிரதமர் மொரார்ஜி தேசாய், அமெரிக்கத் தொலைக்காட்சிப் பேட்டியொன்றில் தாம் சிறுநீர் அருந்தும் வழக்கமுடையவர் என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறினார். உலகப் பத்திரிகைகள் நகைத்தன. வைத்தியச் செலவைத் தாங்கவியலாத கோடிக்கணக்கான இந்திய மக்களுக்கு இதுவே தக்க மருந்து என்று அவர் கருதியதும் அப்போது வெளியாயிற்று. நகைப்பின் ஆரவாரத்தில் இந்த இரண்டாவது செய்தி அமிழ்ந்துபோயிற்று. ஒரு தேசத்தின் தலைமை அமைச்சர் ஏழைக்குக் காட்டிய மருந்துக்கடை அவனுடைய சொந்த உடம்பு! நாம் ஆராய எடுத்துக்கொண்டது இந்த இரண்டாவது செய்தியையே.

இவ்வழக்கம் மொரார்ஜியோடு பிறந்ததன்று. டாமர தந்திரத்தைச் சார்ந்ததெனப்படும் சிவாம்பு கற்பம் இதனைப் போற்றுகின்றது. திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே ‘அமுரி தாரணை’ என்றே ஒரு பகுதி உண்டு. அமுரி என்பது சிறுநீரா, யோகியர் உள்ளே கண்டதாகச் சொல்லும் அமுதமா என்று உரைகாரர் இன்றும் வழக்காடுவர். எதுவாயினும் அது யோகசாதனை பற்றிய பேச்சு. காய்ச்சற்காரனுக்கு எழுதிய மருந்துச் சீட்டன்று. இக்காலத்தில் அதை மருந்துச் சீட்டாக்கியவர்களுள் முதன்மையானவர் ஆம்ஸ்ட்ராங் என்னும் ஆங்கிலேயர். 1944இல் அவர் வெளியிட்ட ‘உயிர்நீர்’ பற்றிய நூல் இந்தியாவிலும் ஆர்வலரைத் தேடிக்கொண்டது. பழந்தமிழ் மரபென்றும் பாரதப் பண்பாடென்றும் இன்று விற்கப்படுவதில் ஒரு பங்கு இலண்டன் வழியாக வந்த சரக்கு என்பதைப் பண்பாட்டுக் காவலர் அறிவார்களோ, அறியோம்.

தமிழ் வைத்தியர் சிறுநீரை நோக்கிய முறையோ வேறு. தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகளை எண்ணிப் பாருங்கள். நோயாளியின் காலைச் சிறுநீரைக் கலத்தில் ஏந்தி, நிறம், மணம், நுரை, எடை ஆகியவற்றை வைத்தியர் கவனித்தார். பின் ஒரு துளி நல்லெண்ணெயை அதன்மேல் விட்டார். துளி பாம்பெனப் படர்ந்தால் வாதம், மோதிரம்போல் வளைந்தால் பித்தம், முத்தென நின்றால் கபம் என்று கணித்தார். இக்கணிப்பு இன்றைய சோதனைச்சாலையின் முன் நிற்குமா என்பது தனி வினா. ஆயினும் சிறுநீர் உடம்பு எழுதி அனுப்பும் கடிதம் என்பதை அவர் உணர்ந்திருந்தார், கடிதத்தைப் படித்தார். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு நீரிழிவை இனங்கண்டோரும் நம் முன்னோரே. இங்கிலாந்தின் வில்லிஸ் அவ்வினிப்பை நாவால் அறிந்து எழுதியது 1674இல்.

யாழ்ப்பாணத்திலும் இந்த மரபு வறண்டதில்லை. செகராசசேகரமும் பரராசசேகரமும் ஆரியச்சக்கரவர்த்திகளின் பெயர் தாங்கிய வைத்திய நூல்கள். அவற்றின்மேல் இன்னோர் அடுக்கு 19ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த வைத்தியர் சாமுவேல் கிறீன் 1847இல் இங்கு வந்து, இடையே சில ஆண்டுகள் நீங்கலாக, 1873 வரை பணியாற்றினார். மானிப்பாயில் அவர் நம் இளைஞருக்குத் தமிழிலேயே மேல்நாட்டு வைத்தியம் கற்பித்தார். இரணவைத்தியம் 1867இலும் கெமிஸ்தம் 1875இலும் தமிழில் அச்சேறின. அந்த மிஷனின் நிலையங்களுள் சாவகச்சேரியும் ஒன்று. அவருடைய நோக்கத்தில் மதப்பிரசாரம் கலந்திருந்தது மெய்யே. எனினும் இரசாயனத்தைத் தமிழனின் நாவில் வைத்த பெருமையை நாம் மறுக்க வேண்டியதில்லை.

அந்த இரசாயனம் என்ன சொல்கிறது? நம் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லீற்றர் நீரை இரத்தத்திலிருந்து வடிக்கின்றன. உடம்புக்கு வேண்டியதையெல்லாம் திரும்ப உறிஞ்சிக்கொண்டு ஏறக்குறைய ஒன்றரை லீற்றரை மட்டும் வெளியேற்றுகின்றன. அதில் 95 வீதம் நீர்; எஞ்சியவை யூரியா, உப்புகள், கிறியேற்றினின் முதலியன. தள்ளியதை மீண்டும் உட்கொண்டால் சிறுநீரகம் அதே வேலையை மறுமுறை செய்ய வேண்டும். நீர் வற்றிய உடம்புக்கு அந்த உப்பு மேலும் கேடு. உட்கொண்ட மருந்துகளின் எச்சமும் அதில் உண்டு. சிறுநீரில் கிருமியே இல்லை என்ற பழைய எண்ணமும் இன்று பொய்த்துவிட்டது.

ஆதரிப்போர் இங்கே ஒரு வாதம் எழுப்புவர்: சிறுநீரிலிருந்தே மருந்து எடுக்கிறார்களே! ஆம். 1941இல் ஒக்ஸ்போர்ட்டில் முதன்முதல் பெனிசிலின் சிகிச்சை பெற்ற நோயாளியின் சிறுநீரிலிருந்து, அருமருந்து வீணாகாதிருக்க, அதனைப் பிரித்தெடுத்து அவருக்கே மறுபடி ஏற்றினர். இருந்தும் மருந்து போதாமல் அவர் இறந்தார். அங்கு நோயுடன் போராடியது சோதனைச்சாலையில் பிரித்துத் தூய்மையாக்கிய பெனிசிலின். சிறுநீர் அதனைச் சுமந்து வந்த வண்டி மட்டுமே. மொரார்ஜி 99 வயதுவரை வாழ்ந்தார் என்பதும் ஒரு வாதம். அவர் மதுவைத் தொடாதவர். உணவிலே மிகுந்த கட்டுப்பாடு உடையவர். வேளைக்கு உணவும் வேண்டும்போது வைத்தியரும் கிடைக்கப்பெற்றவர். இவற்றையெல்லாம் விட்டுக் கிண்ணத்தை மட்டும் சுட்டுவது என்ன நியாயம்?

பெருந்தொற்றுக் காலத்தில் இக்கதை திரும்ப அரங்கேறியது. 2020 மார்ச்சில் டில்லியில் இந்துமகாசபையார் கோமூத்திர விருந்து நடத்தினர். அதே ஆண்டு டிசம்பரில் கேகாலையில் பூசகர் ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதனைப் பகிரங்கமாகப் பருகிய சுகாதார அமைச்சரையே அடுத்த மாதம் தொற்று பற்றிக்கொண்டது. வரிசையில் நின்ற ஏழைகளை மூடரென்று ஏசுவது எளிது. தடுப்பூசி இன்னும் வந்து சேராத நாட்டிலே, அரசின் அங்கீகாரம் பெற்றதுபோலத் தோன்றிய போத்தலை அவர்கள் நாடினார்கள்.

கைவிடப்படுவதென்றால் என்னவென்று தென்மராட்சி மக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 1990களில் பொருளாதாரத் தடையால் குடாநாட்டில் மருந்து அரிதாயிற்று. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் செம்மணி வெளி கடந்து சாவகச்சேரிப் பக்கம் வந்து சேர்ந்தனர். பள்ளிக்கூடங்களும் கோயில் மண்டபங்களும் மரநிழல்களும் வீடுகளாயின. குடிநீரும் மலசலகூடமும் அன்றாடப் போராட்டமாயின. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் பட்டினமே இடிபாடாயிற்று. அந்நாட்களில் கைவைத்தியத்தை நாடியவரைப் பழமைவாதி என்று எவர் பழிப்பார்? ஆனால் அந்த இல்லாமையையே தத்துவமாக்கி, ஆஸ்பத்திரி எதற்கு, உன் உடம்பே ஆஸ்பத்திரி என்று உபதேசிக்க வருபவரை நாம் வேறு கண்கொண்டு பார்க்க வேண்டியுள்ளது.

2024 யூலையில் சாவகச்சேரிக் கடைகள் அடைக்கப்பட்டன. ஆதார வைத்தியசாலையின் முன் மக்கள் திரண்டனர். அவர்கள் கேட்டது, தங்கள் ஊர் வைத்தியசாலை குறைவின்றி இயங்க வேண்டும் என்பதே.