ஓட்டை போட்ட டின்

கிளர்ச்சிகளை ஒடுக்கிய வரலாற்றைப் படிக்க வருகிறவர்கள் மலாயாவில் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ராபர்ட் தாம்ப்சன் 1966-இல் எழுதிய நூலைத்தான் முதலில் கையிலெடுப்பார்கள். நானும் அப்படித்தான். ஆனால் மலாயாவில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை பிரிட்டிஷார் ஒடுக்கிய கதை எனக்குப் பிடிபட்டது சோற்றுப்பானை வழியாக.

கெரில்லாக்களுக்கு உணவு போகாமல் தடுக்க 1950-இல் வந்த பிரிட்டிஷாரின் பிரிக்ஸ் திட்டம், காட்டோரம் குடியிருந்த சுமார் 5 லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, முள்வேலிக்குள் அடைத்தது. பெயர் என்னவோ ‘புதுக் கிராமம்’! தோட்டத் தமிழர்களின் லயன் குடியிருப்புகளுக்கும் வேலி வந்தது. சில இடங்களில் அரிசியாகத் தராமல் பொதுவில் சமைத்துச் சோறாகவே அளந்தார்கள். சோறு மறுநாளே ஊசிப்போகும். காட்டிலிருக்கும் கெரில்லாவுக்கு உதவாது. அதே காரணத்துக்காகக் கடைக்காரர் உணவு டின்னை விற்கும்போதே ஓட்டை போட்டுத்தான் கொடுக்கவேண்டியிருந்தது.

இதை ‘மக்கள் மனதை வென்ற’ கதையாகப் பலர் பாடம் நடத்துகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. வேலி மனதை வெல்லும் என்றால் வேறு இடத்திலும் வென்றிருக்கவேண்டுமே. தாம்ப்சனே ஆலோசகராகப் போன தென் வியட்நாமில் 1962-இல் இதே வேலியைப் போட்டார்கள். இரண்டு வருஷம்கூடத் தாங்கவில்லை.